எம்மேப் செய்த ரிங் பஃபரும் ‘பேட் பேஜ் ஸ்டேட்’ செய்தியும்: மேப்கவுண்ட் -128 எதைக் குறிக்கிறது?

அலைமானி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வுக்கூடத்திலுள்ள அளவீட்டு அட்டை ஒன்றுக்கு நானே எழுதிய லினக்ஸ் டிரைவரில் மூன்று வாரமாக ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். கெர்னல் 5.15, எக்ஸ்86-64, டிஸ்ட்ரிபியூஷனோடு வந்த சாதாரண உள்ளமைப்பு. டிபக் தெரிவுகள் எதையும் இயக்கவில்லை.

டிரைவர் ஏற்றப்படும்போது புரோப் ஃபங்ஷனில் அலாக்_பேஜஸ் மூலம் ஆர்டர் 2, அதாவது தொடர்ச்சியான 4 பக்கங்கள் (பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பகுத்துவைக்கும் 4 கேபி அலகு), 16 கேபி நினைவகத்தை ரிங் பஃபராகப் பெறுகிறேன். அட்டை டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவின் துணையின்றி நேரடியாக, அதில் சுற்றிச்சுற்றி எழுதிக்கொண்டே இருக்கும். பயனர் நிரல் அதே நினைவகத்தை எம்மேப் செய்து, அதாவது தன் முகவரிவெளியில் இணைத்து, படிக்கும். முதலில் எம்மேப் ஃபங்ஷனுக்குள்ளேயே நான்கு பக்கங்களையும் விஎம்_இன்செர்ட்_பேஜ் கொண்டு இணைக்க முயன்றேன். முதல் பக்கம் இணைந்தது. இரண்டாவது பக்கத்தில் -22 என்ற பிழை வந்தது. காரணம் புரியாததால் அந்த வழியைக் கைவிட்டு, ஃபால்ட் ஹேண்ட்லர் (இணைக்கப்படாத பக்கத்தை நிரல் தொடும்போது கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) எழுதி, கேட்கப்படும் பக்கத்துக்குக் கெட்_பேஜ் செய்து (அதன் ரெஃப்கவுண்ட்டை, அதாவது அதைப் பிடித்துவைத்திருப்போரின் எண்ணிக்கையை, ஒன்று கூட்டி) விஎம்எஃப் கட்டமைப்பில் வைத்துத் திருப்பினேன். நான்கு பக்கங்களும் சரியாகப் படிக்கப்பட்டன. அளவீடுகளும் சரியாக வந்தன.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. பயனர் நிரல் முடிந்து சிறிது நேரம் கழித்து, இதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகிச் சாகிறது. ஒரு நாள் பேஷ், மறுநாள் பைத்தான், ஒருமுறை எஸ்எஸ்எச் சர்வர். சில வேளைகளில் கெர்னல் பதிவில் ‘பேட் பேஜ் ஸ்டேட் இன் பிராசஸ்’ என்ற செய்தி வருகிறது. அதில் குறிப்பிடப்படும் நிரலின் பெயரும் ஒவ்வொரு முறையும் வேறு.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் ஓரளவு ஒழுங்கு தெரிகிறது. நிரலை ஒருமுறை ஓட்டி முடித்து, டிரைவரை ஆர்எம்மாட் மூலம் நீக்கினால், பெரும்பாலும் சரியாக இரண்டு செய்திகள் வருகின்றன. இரண்டிலும் ரெஃப்கவுண்ட் 0, மேப்கவுண்ட் (பக்கம் எத்தனை முறை நிரல்களில் இணைக்கப்பட்டுள்ளது என்ற எண்ணிக்கை) -128, காரணம் ‘நான்சீரோ மேப்கவுண்ட்’. பக்க எண்களின் கடைசி இலக்கம் ஒன்றில் 5, மற்றதில் 6. சில முறை எந்தச் செய்தியும் வருவதில்லை. மேப்கவுண்ட் எப்படிக் குறையெண் ஆகும் என்பதே எனக்குப் புரியவில்லை.

பக்கம் யாரோ விடுவித்ததால் கெட்டுப்போகிறது என்று ஊகித்து, ஃபால்ட் ஹேண்ட்லரில் கெட்_பேஜை இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன். மற்ற நிரல்கள் சாவது நின்றது. ஆனால் நிரலை மூன்று முறை ஓட்டிவிட்டு டிரைவரை நீக்கியபோது, இம்முறை ‘நான்சீரோ ரெஃப்கவுண்ட்’ என்ற காரணத்தோடு, ரெஃப்கவுண்ட் 3 என்று செய்தி வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல் இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடிகால்

தொடர்பில்லாத நிரல்கள் மாறி மாறிச் சாவதைப் பார்த்தால் எனக்கு முதலில் ரேம் மீதுதான் சந்தேகம் வருகிறது. டிரைவரை அலசும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓரிரவு ஓடவிட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு இதேபோன்ற அறிகுறிகளோடு ஒரு வாரம் என் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரேம் குச்சி ஒன்று பழுதாகியிருந்தது.

அலைமானி

அதைச் செய்துவிட்டேன், ஐயா. ஓரிரவு முழுவதும் ஓடியும் ஒரு பிழைகூட வரவில்லை. அட்டையைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தியும் பார்த்தேன். அங்கும் இதேதான், கடைசி இலக்கங்கள் அங்கே 9, மேலும் பதினாறடிமான எண்ணில் பத்தைக் குறிக்கும் இலக்கம்.

நிலவறை

ரேமில் குற்றமில்லை. நீங்கள் தந்திருக்கும் இரண்டு கணினிகளின் பக்க எண்களே போதும். பிழையை அவை கிட்டத்தட்ட முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. சற்று நீளமாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த வகைப் பிழையில் குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அடுத்த முறை மூன்று வாரம் ஆகாது.

முதலில் ஒதுக்கீடு. கொடி எதுவும் சேர்க்காமல் அலாக்_பேஜஸிடம் ஆர்டர் 2 கேட்டால், கெர்னல் 4 பக்கங்களைத் தருகிறது. ஆனால் ரெஃப்கவுண்ட்டை முதல் பக்கத்துக்கு மட்டுமே 1 ஆக்குகிறது. மற்ற மூன்றின் ரெஃப்கவுண்ட் 0 ஆகவே இருக்கும். நான்கையும் சேர்த்து ஒரே பொருளாகப் பெற்று, ஒரே பொருளாகத் திருப்பித் தருவீர்கள் என்பது அங்குள்ள உடன்பாடு. ஆகவே நடுவிலுள்ள பக்கங்களுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இப்போது உங்கள் -22ஐப் பாருங்கள். விஎம்_இன்செர்ட்_பேஜ் ஒரு பக்கத்தை இணைக்கும் முன் அதன் ரெஃப்கவுண்ட் பூச்சியமா என்று பார்த்து, பூச்சியமாக இருந்தால் ஈஇன்வால் என்ற பிழையைத் திருப்பும்; அதன் எண்தான் 22. முதல் பக்கத்தின் எண்ணிக்கை 1, ஆகவே அது இணைந்தது. இரண்டாவதன் எண்ணிக்கை 0, ஆகவே மறுத்தது. அந்த மறுப்பைத் தாண்டிப்போக நீங்கள் எழுதிய ஃபால்ட் ஹேண்ட்லரில் அப்படிப்பட்ட காவல் எதுவும் இல்லை, அவ்வளவுதான். கெட்_பேஜுக்குள் பூச்சியத்தைக் கண்டால் கூச்சலிடும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆனால் அது விஎம்_பக்_ஆன்_பேஜ் என்ற மேக்ரோ. டிபக்_விஎம் தெரிவு இல்லாமல் கட்டிய கெர்னலில் அந்த மேக்ரோ ஒன்றுமே இல்லாமல் கரைந்துவிடும்.

இனி நான்கு பக்கங்களின் ரெஃப்கவுண்ட்டையும் வரிசையாக எழுதிப் பார்ப்போம். ஒதுக்கியவுடன் 1, 0, 0, 0. பயனர் நிரல் நான்கையும் தொட்டபின், உங்கள் கெட்_பேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டியிருப்பதால், 2, 1, 1, 1. நிரல் முடிந்து இணைப்பு நீங்கும்போது கெர்னல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைக் கழிக்கிறது. ஆக 1, 0, 0, 0. பார்ப்பதற்குத் தொடங்கிய இடத்துக்கே திரும்பியதுபோல் தோன்றும், ஆனால் அப்படியில்லை. பூச்சியத்தில் *இருப்பது* வேறு, ஒன்றிலிருந்து பூச்சியத்துக்கு *இறங்குவது* வேறு. இறங்கும் கணத்தில் ‘கடைசி உரிமையாளரும் போய்விட்டார்’ என்று கெர்னல் முடிவு செய்து, பின்மூன்று பக்கங்களையும் விடுவித்துவிடுகிறது. டிரைவருக்கு அது தெரியாது, அட்டைக்கும் தெரியாது. அட்டை பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கமோ இப்போது பைத்தானின் ஹீப்பாகவோ பேஷின் ஸ்டாக்காகவோ ஆகியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கெர்னல் செய்தியிலுள்ள நிரலின் பெயரை நம்பக்கூடாது என்பது இதனால்தான்: அது பக்கத்தைக் கெடுத்தவரின் பெயரன்று, கெட்டிருப்பது தெரியவந்த நேரத்தில் அந்த சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தவரின் பெயர்.

அடுத்து -128. ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் வைத்திருக்கும் விவரக் கட்டமைப்பான ஸ்ட்ரக்ட் பேஜில் மேப்கவுண்ட் என்ற புலம், பக்கம் எந்த நிரலிலும் இணைக்கப்படாதபோது -1 ஆக இருக்கும். செய்தியில் அச்சிடும்போது ஒன்றைக் கூட்டி 0 என்று காட்டுவார்கள். இணைக்கப்படாத பக்கத்துக்கு அந்த 4 பைட் இடம் வீண்தானே என்று, பக்கத்தின் வகையைக் குறிக்கவும் அதே இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். பக்கம் ‘பட்டி’ அலகேட்டரின், அதாவது காலிப் பக்கங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து நிர்வகிக்கும் கெர்னல் பகுதியின், காலிப் பட்டியலில் இருந்தால் அங்கே ஒரு பிட் அணைக்கப்படுகிறது. எண்ணாகப் படித்தால் அது -129. ஒன்றைக் கூட்டினால் உங்கள் -128. ஆகவே உங்கள் கெர்னலில் அந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான்: ‘நீ விடுவிக்கக் கொண்டுவந்திருக்கும் இந்தப் பக்கம் ஏற்கெனவே காலிப் பட்டியலில் இருக்கிறது.’ இருமுறை விடுவிப்பு.

ஏன் சரியாக இரண்டு செய்தி? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்டர் 2 தொகுதி எப்போதும் நான்கால் வகுபடும் பக்க எண்ணில்தான் தொடங்கும். உங்கள் முதல் கணினியில் அது 4இல் முடியும் எண், எனவே தொகுதி 4, 5, 6, 7. இவற்றில் 4 இன்னும் உங்களிடம் இருக்கிறது. 5, 6, 7 விடுவிக்கப்பட்டுவிட்டன. 5இன் ஜோடி 4. அது காலியாக இல்லாததால் 5 தனியாக நிற்கிறது. 6உம் 7உம் ஒன்றுக்கொன்று ஜோடி, ஆகவே அவை இணைந்து ஆர்டர் 1 தொகுதியாகின்றன. இணைந்த தொகுதியில் தலைப்பக்கமான 6 மட்டுமே காலிப் பட்டியல் அடையாளத்தைத் தாங்கும். 7இல் அடையாளம் இராது. டிரைவரை நீக்கும்போது கெர்னல் மூன்று வால்பக்கங்களையும் வரிசையாகச் சோதிக்கிறது: 5இல் கூச்சல், 6இல் கூச்சல், 7இல் மௌனம். இரண்டாவது கணினியில் தொகுதி 8இல் தொடங்கியிருக்கிறது, அதனால் 9உம் அதற்கு அடுத்ததும். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

சில முறை செய்தியே வராததற்குக் காரணம், விடுவிக்கப்பட்ட பக்கம் நேரே பட்டி பட்டியலுக்குப் போகாமல் முதலில் அந்தந்த சிபியுவின் தனிப் பட்டியலில் அமர்வதே. அங்கே இருக்கும் வரை அதில் எந்த அடையாளமும் இராது. தூய்மையான பக்கம்போலவே தெரியும். எனவே செய்தி வராத நாள்தான் மிகவும் ஆபத்தான நாள்: அன்று அதே பக்கம் இரண்டு பட்டியல்களில் ஏறிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கெட்_பேஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டியது இரண்டு, கழிவது ஒன்று. ஓட்டத்துக்கு ஒன்று மிஞ்சுகிறது. மூன்று முறை ஓட்டினீர்கள், ரெஃப்கவுண்ட் 3 என்று வந்தது. எண்ணிக்கை எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று பார்ப்பது இதுபோன்ற கசிவுகளில் நல்ல துப்பு.

திருத்தம் இரண்டு வகையில் செய்யலாம். ஒதுக்கும்போதே ஜிஎஃப்பி_காம்ப் கொடியைச் சேர்த்தால் நான்கும் ஒரு கூட்டுப்பக்கம் ஆகும். எந்த வால்பக்கத்துக்குக் கெட்_பேஜ் செய்தாலும் கணக்குத் தலைப்பக்கத்தில் ஏறும். ஒதுக்கியபின் 1, நான்கும் இணைந்தபின் 5, நீங்கியபின் மீண்டும் 1. கெர்னலின் ஒலி டிரைவர்களுக்கான பொது நினைவக நிரலில் இந்தக் கொடியை இதே காரணத்துக்காகத்தான் பயன்படுத்தினார்கள். மற்ற வழி, ஒதுக்கியவுடன் ஸ்ப்ளிட்_பேஜ் அழைப்பது. அது நான்கையும் 1, 1, 1, 1 எனத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் நீங்கள் கைவிட்ட விஎம்_இன்செர்ட்_பேஜும் வேலை செய்யும். அந்த ஃபங்ஷனுக்கு மேலேயுள்ள குறிப்புரையே இவ்விரண்டையும் சொல்கிறது.

மூன்றாம்_அடுக்கு

நிலவறை அவர்களின் விளக்கத்துக்கு மேல் காரணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இதுபோன்ற பிழையை ஊகத்தால் அன்றிக் கையும் களவுமாகப் பிடிக்கும் முறையையும் பதிவுசெய்வது நல்லது. எல்லா நேரமும் பக்க எண்கள் இவ்வளவு அழகாக வரிசையில் வந்து நிற்காது.

முதல் வேலை, டிபக்_விஎம் தெரிவோடு ஒரு கெர்னலைக் கட்டுவது. பலர் இதில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: கெட்_பேஜ் இன்லைன் ஃபங்ஷன் என்பதால் அதன் சோதனை உங்கள் டிரைவரின் கோப்புக்குள்ளேயே போய் அமர்கிறது. ஆகவே டிரைவரையும் அந்தக் கெர்னலின் உள்ளமைப்பை வைத்து மறுபடி கட்ட வேண்டும். அப்படிச் செய்தால் பூச்சியத்திலிருக்கும் பக்கத்தைத் தொட்ட அதே கணத்தில், உங்கள் ஃபால்ட் ஹேண்ட்லரின் பெயரோடு அடுக்குச் சுவடு கிடைக்கும்.

அடுத்தது பேஜ்_ஓனர். தெரிவை உள்ளமைப்பில் சேர்த்துக் கட்டி, பூட் வரியில் பேஜ்_ஓனர்=ஆன் என்று கொடுத்தால், ஒவ்வொரு பக்கமும் எந்த அழைப்புத் தொடரில் ஒதுக்கப்பட்டது, கடைசியாக எந்தத் தொடரில் விடுவிக்கப்பட்டது என்ற இரண்டையும் கெட்ட பக்கச் செய்தியோடு சேர்த்து அச்சிடும். இந்தப் பிழையில் விடுவிப்புச் சுவட்டில் உங்கள் டிரைவர் இருக்காது. எம்அன்மேப்போ நிரல் வெளியேற்றமோ ரிலீஸ்_பேஜஸ் வரை போகும் பாதைதான் இருக்கும். ‘நான் விடுவிக்கவில்லையே’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது ஒன்றே போதும்.

அதிலும் பிடிபடாத சிக்கலான கசிவென்றால் டிபக்_பேஜ்_ரெஃப் இருக்கிறது. ரெஃப்கவுண்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அது ஒரு டிரேஸ்பாயிண்ட் வைக்கும். டிரேஸிங் கோப்பகத்தில் பேஜ்_ரெஃப் என்ற பெயரில் அவை கிடைக்கும். அவற்றைக் கண்மூடித்தனமாக இயக்கினால் வெள்ளம்போல் வரும். பக்க எண்ணை வைத்து வடிகட்டி அமைத்து, அழைப்புச் சுவட்டையும் சேர்த்துப் பதிவு செய்தால், ஒரு பக்கத்தின் வரவுசெலவுக் கணக்கு வரிவரியாகக் கைக்கு வரும். கூட்டிய வரிகளையும் கழித்த வரிகளையும் பென்சிலால் ஜோடி சேர்த்தால், ஜோடியில்லாமல் நிற்பதுதான் குற்றவாளி. நான் உண்மையிலேயே தாளில் அச்சிட்டுத்தான் செய்கிறேன்.

இந்தப் பிழைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் கருவியைப் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். கேசான் கண்காணிப்பது சிபியு செய்யும் அணுகல்களை மட்டுமே. அட்டை டிஎம்ஏ வழியாக எழுதுவது அதன் கண்ணில் படவே படாது. டிபக்_பேஜ்அலாக்கும் அப்படித்தான்: விடுவித்த பக்கத்தைச் சிபியுவின் பக்க அட்டவணையிலிருந்து நீக்கிவிடும், அட்டைக்கு அந்த அட்டவணை பொருட்டே இல்லை. அட்டைகளின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு இருந்தாலும், டிரைவர் அந்த டிஎம்ஏ இணைப்பை இன்னும் விலக்கவில்லை என்பதால் அதுவும் தடுக்காது. இங்கே உதவுவது பேஜ்_பாய்சன்=1. பக்கம் விடுவிக்கப்படும்போது அது முழுவதையும் ஒரே பைட் மதிப்பால் நிரப்பிவைத்து, மறுபடி ஒதுக்கும்போது அது கலையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும். கலைத்தவர் சிபியுவா அட்டையா என்பது அதற்கு முக்கியமில்லை. ‘மெமரி கரப்ஷன்’ என்று அறிவித்து, மாறிய பைட்டுகளையும் அச்சிடும். அந்த பைட்டுகளில் உங்கள் அளவீட்டு எண்களே தென்பட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

வேறு வகை டிரைவர் எழுதுவோர் இந்தத் திரிக்கு வரக்கூடும் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயனரின் பக்கங்களைப் பின்_யூசர்_பேஜஸ் மூலம் பிடித்துவைத்தால், சாதாரணப் பக்கத்தின் ரெஃப்கவுண்ட்டில் 1 அல்ல, 1024 கூடும். அதை அன்பின்_யூசர்_பேஜ் கொண்டு விடாமல் பழக்கதோஷத்தில் புட்_பேஜ் கொண்டு விட்டால் 1023 தொங்கிக்கொண்டிருக்கும். கசிந்த பக்கத்தின் ரெஃப்கவுண்ட் ஆயிரத்தை ஒட்டியிருந்தால் முதலில் பிழை கையாளும் பாதைகளில், அதாவது பாதியில் தோல்வியுற்று வெளியேறும் இடங்களில், தேடுங்கள். விஎம்ஸ்டாட் கோப்பில் ஃபால்_பின் என்ற பெயர் தாங்கிய இரண்டு எண்ணிகள் உள்ளன. ஒன்று பிடித்தவை, மற்றது விட்டவை. அமைதியான கணினியில் அவ்விரண்டும் ஒன்றாமல் விலகிக்கொண்டே போனால் கசிவு அங்கேதான்.

வடிகால்

ரேம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு யோசனை: விடுவிக்கும் முன் டிரைவரிலேயே பேஜ்_கவுண்ட் (ரெஃப்கவுண்ட்டைப் படித்துத் தரும் ஃபங்ஷன்) சரியாக 1 என்று சோதித்து, இல்லையென்றால் எச்சரிக்கை அச்சிட்டால் இவற்றையெல்லாம் எளிதில் பிடித்துவிடலாமே?

நிலவறை

அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெஃப்கவுண்ட் என்பது ‘குறைந்தது இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்’ என்ற எண். ஒரு கணத்தில் அது எவ்வளவாக இருக்கும் என்று வெளியிலிருந்து அறுதியிட முடியாது. கெர்னலின் சில பகுதிகள் பூட்டு எதுவும் போடாமல், பக்கத்தின் எண்ணிக்கையை முதலில் கூட்டிவிட்டு, தாம் தேடிய பக்கம்தானா என்று பிறகு பார்த்து, இல்லையென்றால் கழித்துவிட்டுப் போகும். பேஜ் கேச்சில் (கோப்புகளின் உள்ளடக்கத்தை வைத்திருக்கும் நினைவகத்தில்) தேடும் நிரலும், பயனர் பக்கங்களை விரைவாகப் பிடிக்கும் கப்-ஃபாஸ்டும் அப்படித்தான் இயங்குகின்றன. எல்ஆர்யு பட்டியலில் (அண்மைப் பயன்பாட்டின்படி பக்கங்களை வரிசைப்படுத்தும் பட்டியலில்) சேரக் காத்திருக்கும் பக்கங்களுக்கும் அந்தந்த சிபியுவின் சிறு தொகுப்பு ஒரு எண்ணிக்கையைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்திருக்கும். உங்கள் சோதனை ஆயிரத்தில் ஒருமுறை 2 என்று காட்டி, இல்லாத பிழையைத் தேடவைக்கும். எண்ணிக்கை சரியாக இவ்வளவுதான் என்று உறுதி வேண்டிய இடங்களில், பக்க இடமாற்றம் போன்றவற்றில், கெர்னலே எண்ணிக்கையைப் பூச்சியமாக உறையவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது.

அலைமானி

இருவருக்கும் மிக்க நன்றி. டிபக்_விஎம்மும் பேஜ்_ஓனரும் இயக்கிய கெர்னலைக் கட்டி, டிரைவரையும் அதனோடு மறுபடி கட்டினேன். பயனர் நிரல் இரண்டாவது பக்கத்தின் முதல் பைட்டைத் தொட்டவுடன் கெர்னல் நின்றது. சுவட்டின் மேல்வரியில் என் ஃபால்ட் ஹேண்ட்லர். மூன்று வாரம் தேடியது அரை நொடியில் கிடைத்தது என்பதை எண்ணினால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பிறகு ஸ்ப்ளிட்_பேஜ் வழியைத் தேர்ந்தேன். பயனர் நிரல் ஓடியது, முடிந்தது, மற்ற நிரல்கள் எதுவும் சாகவில்லை. மகிழ்ச்சியோடு டிரைவரை நீக்கினால் மறுபடியும் ‘பேட் பேஜ் ஸ்டேட்’. இம்முறை இரண்டு அல்ல, மூன்று செய்திகள். மூன்றிலும் ரெஃப்கவுண்ட் 1, மேப்கவுண்ட் 0. நிலவறை அவர்கள் எழுதியதுபோல் தாளில் வரிசையை எழுதிப் பார்த்தபோது எனக்கே விடை கிடைத்தது. 1, 1, 1, 1 என்று பிரித்தபின்னும், நீக்கும் ஃபங்ஷனில் பழையபடி ஃப்ரீ_பேஜஸை ஆர்டர் 2 என்றே அழைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பக்கம் பூச்சியமாகி முழுத் தொகுதியையும் விடுவிக்கப் போகும்போது, மற்ற மூன்றும் இன்னும் 1இல் இருந்ததால் மூன்று கூச்சல். அதை நான்கு தனித்தனி விடுவிப்புகளாக மாற்றியபின் பதிவு சுத்தமாக இருக்கிறது. ஃபால்ட் ஹேண்ட்லரையும் நீக்கிவிட்டு, விஎம்_இன்செர்ட்_பேஜுக்கே திரும்பிவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் பயன்படுத்தியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? மேலும், பயனர் நிரல் எம்மேப் செய்த நிலையிலேயே அட்டை ஸ்லாட்டிலிருந்து கழற்றப்பட்டு, என் ரிமூவ் ஃபங்ஷன் பக்கங்களை விடுவித்தால் என்ன ஆகும்? இப்போது அங்கே முதலில் பக்கங்களை விடுவித்து, பிறகு அட்டையை நிறுத்துகிறேன்.

மூன்றாம்_அடுக்கு

நண்பர் சொல்வது பாதி சரி. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் இணைக்கும் பக்கங்களைக் கெர்னல் எண்ணுவதே இல்லை. எனவே எண்ணிக்கைப் பிழை வராது. ஆனால் பயனர் இன்னும் இணைத்திருக்கும்போது டிரைவர் பக்கத்தை விடுவித்தால் தடுக்கவும் ஆள் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் ஏறும். அந்த நினைவகத்தின் மீது, பயனர் பக்கங்களைப் பிடித்துவைக்கும் கெட்_யூசர்_பேஜஸும் வேலை செய்யாது. பிற்காலத்தில் பஃபரை டிஎம்ஏ_அலாக்_கோஹரன்ட் வழியாகப் பெறும்படி மாற்றினால், அதற்கென்றே உள்ள டிஎம்ஏ_எம்மேப்_கோஹரன்ட்டைப் பயன்படுத்துங்கள்; அது தரும் முகவரியிலிருந்து பக்கத்தைக் கணக்கிட்டெடுக்க முயல வேண்டாம்.

இரண்டாவது ஐயத்தில்தான் உங்களுக்கு இன்னொரு பிழை காத்திருக்கிறது. இப்போதைய கணக்குப்படி, டிரைவர் தன் பங்கை விட்டாலும் பயனரின் இணைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் 1 வைத்திருக்கும். கடைசி எம்அன்மேப் வரை பக்கம் உயிரோடு இருக்கும். அந்தப் பகுதி சரி. ஆனால் பயனர் யாரும் இணைக்காத நேரத்தில் ரிமூவ் நடந்தால், பக்கங்கள் உடனே காலிப் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கும் அட்டையை நிறுத்துவதற்கும் இடைப்பட்ட சில மைக்ரோநொடிகளில் அட்டை அவற்றில் எழுதும். ரெஃப்கவுண்ட் பக்கத்தின் ஆயுளைத்தான் காக்கும், அட்டையின் கையைப் பிடிக்காது. முதலில் அட்டையின் டிஎம்ஏவை நிறுத்துங்கள், அது நின்றதைப் பதிவகத்தில் படித்து உறுதிசெய்யுங்கள், டிஎம்ஏ இணைப்பை விலக்குங்கள், பிறகே பக்கங்களை விடுங்கள். மாற்றியபின் பேஜ்_பாய்சன்=1 போட்டு, டிரைவரை ஏற்றுவதும் நீக்குவதுமாக ஓரிரவு சுழலவிட்டு, காலையில் பதிவைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

அலைமானி

வரிசையை மாற்றிவிட்டேன். அட்டையின் நிலைப் பதிவகத்தில் ‘நின்றது’ பிட் வரக் காத்திருக்கும் சுழலுக்குக் கால வரம்பும் வைத்தேன். பேஜ்_பாய்சனோடு நேற்றிரவு எட்டு மணி நேரம் ஏற்றி நீக்கி ஓடியது. பதிவில் ‘கரப்ஷன்’, ‘பேட் பேஜ்’ இரண்டில் ஒன்றும் இல்லை. பழைய வரிசையையும் ஒப்பீட்டுக்காக ஒரு மணி நேரம் ஓட்டினேன். இருபதாவது நிமிடத்தில் ‘மெமரி கரப்ஷன்’ வந்தது. அச்சான பைட்டுகளில் எங்கள் அட்டையின் சட்டகத் தலைப்பு அப்படியே இருந்தது.